இளஞ்சிவப்பு அம்பு முடியும் இடம்

5

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு எழுந்தேன். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் வைத்தேன். இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டி, வெஜிமைட் தடவி, நின்றபடியே சாப்பிட்டேன். பிறகு ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மால்கமின் வாசலைப் பார்த்தேன். மால்கம் மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியை வெளியே வைத்திருந்தார். நானும் மஞ்சள் மூடியை இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோரம் வைத்தேன்.

ஒரு வாரம் மஞ்சள் மூடி, மறு வாரம் பச்சை மூடி. எந்த வாரம் எது என்று கவுன்சில் அனுப்பிய அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. என் மனைவி ரொவேனா ஒட்டியது. அது இரண்டு வருடத்துக்கு முந்தையது. மால்கம் தப்பாக வைத்தால் நானும் தப்பாக வைப்பேன். பதினான்கு மாதமாக இப்படித்தான் நடக்கிறது.

எட்டரைக்கு அலுவலகம். கார்மடி விசாரணையகம் என்று கதவில் எழுதியிருக்கும். கார்மடி என்பது நான். கீழே வியட்நாம் பேக்கரி, மேலே நாங்கள். நாங்கள் என்றால் நானும் டெஸ்பினாவும். டெஸ்பினா மெல்போர்ன் டிராமில் ஒன்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஷின் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் எந்த மெஷினையும் மன்னித்ததில்லை. எங்கள் காப்பி மெஷின் இரண்டு முறை பழுதானதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நிரூபிக்க முடியவில்லை.

"இன்னிக்கு என்ன மூடி பாஸ்?" என்றார்.

"மஞ்சள்."

"மால்கம் நல்லா இருக்கணும். அவர் ஊருக்குப் போயிட்டா உன் வீடே நாறிடும்."

அவர் மேஜையில் பன்றி இறைச்சி ரோல் பாதி இருந்தது. அதன் கீழே வழக்குக் கோப்பு இருந்தது. கோப்பின் மேல் எண்ணெய் வட்டம். அந்த வட்டத்துக்குள் ஜெனீன் பார்ஸ்லோ என்ற பெயர்.

ஜெனீன் எங்கள் கட்சிக்காரர். பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். விவாகரத்தாகி இரண்டு வருடம். மகள் மேபலுக்கு எட்டு வயது. ஒரு வாரம் விட்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு மெரிங்டன் ரயில் நிலையத்தில் மேபலை அவள் அப்பா கென்ட்டிடம் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. கென்ட் ஏற்கெனவே அடுத்தடுத்து இரண்டு முறை வரவில்லை. ஓவர்டைம் என்று காரணம் சொன்னான். மூன்றாவது முறையும் வராவிட்டால் வாரக்கடைசி கிடையாது, மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் அறையில் மாதம் ஒரு மணிநேரம்தான் என்று நீதிபதி சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. வியாழக்கிழமை விசாரணை.

அவன் வரவில்லை என்பதற்குச் சாட்சி தேடித் தருவதுதான் எங்கள் வேலை.

இரண்டு வாக்குமூலங்களையும் டெஸ்பினா உரக்கப் படித்தார். அந்த வெள்ளிக்கு முந்தைய நாள் கென்ட் அனுப்பிய செய்தியிலிருந்து ஜெனீன் தொடங்கியிருந்தார். நாளை ரயில் ஓடாது, தண்டவாள வேலை, மாற்றுப் பஸ்ஸுக்கு வழிகாட்டத் தரையில் இளஞ்சிவப்பு அம்புகள் இருக்கும், அவை முடியும் இடத்தில் நிற்கிறேன் என்று அந்தச் செய்தி சொன்னது. ஜெனீன் அம்புகளைப் பின்பற்றி, அவை முடியும் இடத்தில், நாலரையிலிருந்து ஐந்து இருபதுவரை மகளுடன் நின்றிருக்கிறார். கென்ட் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

கென்ட்டின் வாக்குமூலம் அதைவிடச் சிறியது. இளஞ்சிவப்பு அம்பு முடியும் இடத்தில் நாலு இருபதிலிருந்து ஐந்தரைவரை நின்றேன், யாரும் வரவில்லை, போனில் சார்ஜ் இல்லை.

"ஒரே அம்பு, ஒரே முனை, ஒரே நேரம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கலை," என்றார் டெஸ்பினா. "ஒருத்தர் பொய் சொல்லணும். இல்லன்னா ரெண்டு பேரும் பேய்."

நிலையத்துக் கேமராப் பதிவு கேட்டால் இருபத்தெட்டு நாள் ஆகும் என்றார்கள். எங்களிடம் இரண்டு நாள் இருந்தது.

ஜெனீனின் வாக்குமூலத்தில் பதினொன்றாம் பத்தியை நான் மறுபடி படித்தேன். 'நிலையத்திலிருந்து கிளம்பும்போது மேபல், அப்பா வரமாட்டார் என்றாள். அதன் பிறகு வீடு வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.' நீதிபதியின் மனதில் தைக்கப் போகிற வரி அதுதான். வழக்கறிஞர் அதன் கீழே கோடு போட்டிருந்தார்.

எனக்கு அந்த வரியில் நம்பிக்கை இல்லை. ஒருவர் கடைசியாகச் சொன்னதை யாரும் சொன்னபடியே திருப்பிச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் ரொவேனா கடைசியாக, 'லூயிஸைத் தனியா விட்டுடாதீங்க' என்று என்னைப் பற்றிச் சொன்னதாக என் மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். அறையில் இருந்தது நான் மட்டும். அவள் சொன்னது, 'செவ்வாய்க்கிழமை மஞ்சள் மூடி' என்பது. மாமியாரை நான் திருத்தவில்லை.

"தொழில், அறிவிப்புப் பலகை பொருத்துதல்," என்று கோப்பின் கடைசிப் பக்கத்தை வாசித்தார் டெஸ்பினா. "பொழுதுபோக்கு, கிரிக்கெட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. அட, பொண்ணை விட்டுட்டு பந்து பொறுக்கப் போயிருப்பான். வண்டியை எடு."

•

கிரிக்கெட் கிளப்பில் ஒரு பெண்மணி மட்டும்தான் இருந்தார். பெயர் வால். எழுபது வயது. முப்பது வருடமாக ஸ்கோர் எழுதுகிறார். கொட்டகை நிழலில் உட்கார்ந்து, போன சனிக்கிழமை ஆட்டத்தின் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னோம். கென்ட்டுக்கு எதிராகவா, ஆதரவாகவா என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். அந்தப் பதில் பிடித்திருந்தது போல. பக்கத்து நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கென்ட் பயிற்சிக்கு வரவில்லை என்று உறுதியாகச் சொன்னார். வருகைக்கும் அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. டெஸ்பினாவின் முகம் விழுந்தது.

சும்மா போக மனமில்லாமல், ஆள் எப்படி ஆடுவான் என்று கேட்டேன். வால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவனைப் பற்றித் தன்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்றார். மாலை நேர ஆட்டத்தில் வெள்ளைப் பந்து. அதில் கென்ட் எல்லைக்கோட்டில் நிற்பான். இந்த சீசனில் பதினோரு கேட்ச். கிளப்பிலேயே அதிகம். சனிக்கிழமை ஆட்டத்தில் சிவப்புப் பந்து. அதில் எல்லைக்கோட்டுப் பக்கமே போகமாட்டான். பேட்ஸ்மேனின் மூக்குக்குக் கீழே, ஹெல்மெட் போட்டுக்கொண்டு குந்தி நிற்கிற இடத்தைக் கேட்டு வாங்குவான்.

"அங்க யாரும் ஆசைப்பட்டு நிக்கமாட்டாங்க," என்றார் வால். "தண்டனையா நிக்க வைப்போம். இவன் ஒருத்தன்தான் கை தூக்குவான்."

ஒருமுறை கேப்டன் பிடிவாதமாக அவனை எல்லைக்கோட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பந்து உருண்டு போய் அவன் காலிலிருந்து இரண்டடி தள்ளிப் புல்லில் நின்றுவிட்டது. கென்ட் குனிந்து சுற்றிச் சுற்றித் தேடினான். எதிரணி நாலு ரன் ஓடியே எடுத்தது. கேட்டதற்குக் கண்ணில் வெயில் என்றான்.

"அன்னிக்கு வெயிலா?" என்றேன்.

வால் நோட்டைப் புரட்டினார். வானிலைக்கும் ஒரு கட்டம் இருந்தது. "மேகம். மூணு மணிக்குத் தூறல்."

காரில் ஏறியதும் டெஸ்பினா சொன்னார், "அரை மணிநேரம் போச்சு. ஆனா ஒண்ணு, இந்த அம்மா நம்ம ஆபீஸ்ல இருந்தா உன் குப்பைத்தொட்டிப் பிரச்சினை தீந்துடும்."

நான் வண்டியைக் கிளப்பினேன். பச்சைப் புல்லில் இரண்டடி தூரத்தில் கிடக்கும் ஒரு சிவப்புப் பந்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

•

மெரிங்டன் நிலையத்தில் ரயில் இன்னும் ஓடவில்லை. பெரிய கூடத்தின் நடுவில் ஒரு தூண். தூணில் ஒரு பலகை. இளஞ்சிவப்பு அம்பு மாற்றுப் பஸ்ஸுக்கு, சாம்பல் அம்பு லிஃப்ட்டுக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் என்று எழுதியிருந்தது. நடைமேடைப் படிக்கட்டிலிருந்து இரண்டு வரிசை அம்புகளும் தரையில் பக்கம் பக்கமாக வந்தன. தூணுக்கு அப்புறம் ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே.

டெஸ்பினா இளஞ்சிவப்பில் போகட்டும், நான் சாம்பலில் போகிறேன் என்று பிரித்துக்கொண்டோம். கண்டக்டராக இருந்தவர் தரையைப் பார்த்து நடப்பது அவமானம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

என் அம்புகள் முப்பத்தொன்று. கடைசி அம்பு ஒரு பஸ்ஸின் முன்சக்கரத்தைக் காட்டியது. பஸ் நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

டெஸ்பினா போன் செய்தார். "நான் எங்க இருக்கேன் சொல்லு."

"சைக்கிள் கொட்டகை."

"எப்படித் தெரியும்?"

"நான் பஸ்ஸுக்குப் பக்கத்துல நிக்கிறேன்."

 அவர் கொட்டகைக் கதவில் ஒரு அட்டை தொங்குவதாகச் சொல்லி வாசித்தார். "'பஸ் இங்கே வராது. இதுவரை வந்ததில்லை. என்னைக் கேட்காதீர்கள். இப்படிக்கு, சைக்கிள் ரிப்பேர்.'"

நிலையத்தின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே தண்டவாளமும், ஒரு சுவரும், இருநூறு அடியும் இருந்தன. ஒருவர் மற்றவரைப் பார்க்க வழியில்லை.

பஸ் நிறுத்தத்தில் பயணிகளை ஏற்றிவிடும் பொறுப்பாளர் ஹர்கிரத். ஒளிரும் மேலங்கி, கறுப்புத் தலைப்பாகை. வெள்ளிக்கிழமை முழுக்க மக்கள் சைக்கிள் கொட்டகையிலிருந்து திட்டிக்கொண்டே சுற்றி வந்தார்கள் என்றார். தூணுக்கு அப்புறம் அம்புகள் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன. அன்றைக்கே புகார் கொடுத்தார். இன்று மதியம் ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கென்ட்டின் போட்டோவைக் காட்டினேன். பார்த்ததும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை ஒரு மணிநேரத்துக்கு மேல் இங்கேயே நின்ற ஆள். ஆறு பஸ் போனது, ஏறவில்லை. கையில் ஒரு சின்னக் கிரிக்கெட் பேட். அதில் ரிப்பன் கட்டியிருந்தது.

"யாருக்கு பேட்டுன்னு கேட்டேன். பொண்ணுக்குப் பொறந்தநாள்னான்," என்றார் ஹர்கிரத். "அஞ்சரைக்குப் போகும்போது அந்த பேட்டை அந்த பெஞ்சுல வச்சுட்டுப் போயிட்டான். எடுத்து உள்ள வச்சிருக்கேன்."

ஆக, ஜெனீன் பொய் சொல்லவில்லை. கென்ட்டும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது தரை.

மேற்குப் பக்கம் போனபோது டெஸ்பினா சைக்கிள் கொட்டகை வாசலில் மண்டியிட்டு, கடைசி இளஞ்சிவப்பு அம்பின் மூலையை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார். அரசாங்கச் சொத்து என்றேன். டிராமும் அரசாங்கச் சொத்தாகத்தான் இருந்தது, அதையே பிய்த்துத் தனியாருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

மூலைக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது. ஒட்டுகிற ஆள் கடைசி ஸ்டிக்கரின் அடியில் பெயரின் முதல் எழுத்துகளையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். நாளைக்கு அது கிளம்பி யாராவது வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிவதற்காக.

கே. பி. வெள்ளி. காலை 9.40.

"கென்ட் பார்ஸ்லோ," என்றார் டெஸ்பினா. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அம்பை ஒட்டினவனே அவன்தான். நம்ம வேலை முடிஞ்சுது பாஸ். வேணும்னே மாத்தி ஒட்டியிருக்கான். அவளைச் சைக்கிளோட நிக்க வச்சுட்டு, பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கான்."

ஜெனீனின் வழக்கறிஞர் இதைக் கேட்டால் எங்களுக்குக் கேக் வாங்கித் தருவார். வராத அப்பாவைவிட, அம்மாவை வேண்டுமென்றே வழிதவற வைத்த அப்பா இன்னும் மோசம். மாதம் ஒரு மணிநேரம்கூடக் கிடைக்காது.

"பொறந்தநாள் பேட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுபது நிமிஷம் நின்னு சிரிச்சானா?" என்றேன்.

டெஸ்பினா யோசித்தார். "சிரிப்பு வர லேட்டாயிருக்கும்," என்றார். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

•

இரண்டு மணிக்கு ஆள் வந்தான். கென்ட்டேதான். உயரம், வெயிலில் உரிந்த மூக்கு, தோளில் கருவிப் பை. தூணுக்குப் பக்கத்தில் நின்று பலகையையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தான். தொலைந்ததைத் தேடுகிறவனின் பார்வை. கால்மாட்டில் இருப்பது தெரியாத பார்வை. இதைத்தான் வால் வர்ணித்திருந்தார்.

நாங்கள் ஜெனீன் தரப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பேச மாட்டேன் என்றான். பேச வேண்டாம், வெளியே வந்து ஒன்றைப் பார்த்தால் போதும் என்றேன்.

கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய புல்லில் கலா கிளிகள் ஒரு கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. மதியத்தில் எப்போதும் மேயும். நெஞ்சு முழுக்க இளஞ்சிவப்பு, முதுகு சாம்பல். இந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தையும் அப்படித்தான் வண்ணம் தீட்டும்.

"கிளி என்ன நிறம்?" என்றேன்.

கென்ட் என்னைப் பார்த்தான். டெஸ்பினாவைப் பார்த்தான். பிறகு கிளிகளை வெகுநேரம் பார்த்தான்.

"மேபலும் இதைத்தான் கேட்டா," என்றான். "நான் சாம்பல்னு சொன்னேன். அப்போ அவளுக்கு ஆறு வயசு. அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டா. நீங்க அவளைவிட லேட்டு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தனக்கு நிறக்குருடு என்பது பெற்ற அம்மாவுக்குத் தெரியாது, மனைவியாக இருந்த ஜெனீனுக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும்போது நிறப் பார்வை சரி என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறான். பதினொரு வருடம் ஓட்டிவிட்டான். போக்குவரத்து விளக்கு இடத்தை வைத்துத் தெரியும். வாழைப்பழம் அமுக்கிப் பார்த்தால் தெரியும். ரயில் வழித்தட வரைபடத்தில் கோடுகளைப் பார்க்க மாட்டான், நிலையங்களின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டான். சிவப்பும் பச்சையும் குழம்பும், இளஞ்சிவப்பும் சாம்பலும் அவனுக்கு ஒரே நிறம். எந்த நிறம் என்று கேட்டேன். பெயர் வைக்கவில்லை என்றான்.

ஸ்டிக்கர் சுருளின் உறையில் நிறம் எழுதியிருக்கும். உறையைப் பிரித்துவிட்டால் போயிற்று. அதற்கு மேபல் வழி கண்டுபிடித்தாள். வாரக்கடைசியில் வேனில் ஏறி, அடுத்த இரண்டு வாரத்துக்கான சுருள்களை எல்லாம் பிரித்து, உள்ளே இருக்கும் அட்டைக்குழாயில் படம் வரைந்து வைப்பாள். இளஞ்சிவப்புக்குப் பன்றி. சாம்பலுக்குக் கோவாலா கரடி. இரண்டு வருடமாக அவன் ஒரு ஸ்டிக்கரும் தப்பாக ஒட்டியதில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை ஓவர்டைம். ஆறு வாரமாக மேபல் வேனில் ஏறவில்லை. படம் வரைந்த குழாய்கள் தீர்ந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை காலை கூட வேலை செய்பவனிடம் இளஞ்சிவப்பை எடுத்துக்கொடு என்று சாமர்த்தியமாகக் கேட்டு வாங்கி, அதை இடது அக்குளிலும் சாம்பலை வலது அக்குளிலும் வைத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறான். தூண்வரைக்கும் சரியாக வந்துவிட்டது.

"தூண்கிட்ட என்ன ஆச்சு?" என்றார் டெஸ்பினா.

"ஒரு பெரியவர் பஸ்ஸுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாரு. ரெண்டையும் கீழ வச்சுட்டுக் கையைக் காட்டினேன்."

டெஸ்பினாவிடமிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. அவருடன் வேலை பார்த்த மூன்று வருடத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை ரொவேனாவின் சவ அடக்கத்தில்.

கென்ட்டிடம் நிலைமையைச் சொன்னேன். நான் இதை அறிக்கையில் எழுதாவிட்டால் அவன் மகளை இழப்பான். எழுதினால் அந்தக் கட்டத்தில் போட்ட டிக் வெளியே வரும், வேலை போகும். வாக்குமூலத்தில் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அம்பு மாறியது நேற்றுத்தான் தனக்கே தெரியும் என்றான். புகார்த் தாளைக் கையில் கொடுத்து, போய்ச் சரிசெய் என்று கம்பெனியில் சொன்னபோதுதான். அதுவரை ஜெனீன் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்றே நினைத்திருக்கிறான்.

அவன் தரையைப் பார்த்தான். பிறகு கருவிப் பையின் அடியிலிருந்து ஒரு பழைய அட்டைக்குழாயை எடுத்தான். நசுங்கியிருந்தது. அதில் பேனாவால் வரைந்த ஒரு பன்றி. வால் மட்டும் மிக நீளம்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மேபல்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். அம்மாகிட்டகூட. இதைக் காட்டுனா நான் சொல்லலாம்னு சொன்னேன்னு புரிஞ்சுக்குவா," என்றான். "எழுதுங்க. வேலை வேற பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமைய வேற எங்க பாக்குறது?"

டெஸ்பினா அவனிடமிருந்து இரண்டு சுருள்களையும் வாங்கினார். தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒன்றில் பன்றி வரைந்தார், மற்றதில் கோவாலா. இரண்டும் உருளைக்கிழங்கு போல இருந்தன. எது எது என்று கென்ட் கேட்டான். சிரிக்கிறது பன்றி என்றார்.

•

நாலே முக்காலுக்கு ஜெனீன் வீட்டுச் சமையலறையில் இருந்தோம். ரிப்பன் கட்டிய பேட்டை ஹர்கிரத்திடமிருந்து டெஸ்பினா வாங்கி வந்திருந்தார். அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். ஜெனீன் டீ போட்டார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. பஸ் நிறுத்தம், சைக்கிள் கொட்டகை, ஹர்கிரத், பென்சில் எழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பென்சில் எழுத்து வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ வேணும்னே செஞ்சிருக்கான்."

"முதல்ல நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்," என்றார் டெஸ்பினா. "எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது."

கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மேபலைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள். ஒல்லி, முன்பல் ஒன்று இல்லை. கையில் இருந்த வண்ணப் பென்சில்களில் ஒவ்வொன்றின் மேலும் காகிதம் சுற்றி, நிறத்தின் பெயரை எழுதியிருந்தாள். அம்மாவிடம் அது ஏன் என்று ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றைக்கு அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். உதட்டை மடித்துக்கொண்டாள். ஜெனீன், "சொன்னியே, அப்பா வரமாட்டார்னு," என்றார். மேபல் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அதற்கு மேல் இல்லை.

நான் அட்டைக்குழாயை மேஜையில் வைத்தேன்.

மேபல் அந்தப் பன்றியைப் பார்த்தாள். அதன் வாலை விரலால் தடவினாள். "அப்பாவே குடுத்தாரா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு ஏறி உட்கார நாற்காலி உயரமாக இருந்தது. டெஸ்பினா தூக்கி உட்கார வைத்தார். மேபல் கலா கிளியிலிருந்து ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நடுவில் ஜெனீன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கல்யாணத்துக்கு நான் வாங்கிய பச்சை வெல்வெட் சோபா அப்பாவுக்கு எந்த நிறமாகத் தெரிந்தது என்று. 

திரும்பி வரும்போது தூணில் இருந்த பலகையைப் பார்த்ததும்தான் மேபலுக்கு விஷயம் புரிந்தது. அம்புகள் மாறியிருக்கின்றன. ஒட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். அவர் எங்கே நிற்பார் என்றும் தெரியும். சத்தியத்தை மீறாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும், கிளம்பும்போது ஒரே மூச்சில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜெனீன் காரின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். முதல் பாதிதான் காதில் நின்றது. அதற்கு மேல் பேசினால் ரகசியம் வெளியே வந்துவிடும் என்று வீடு வரும்வரை மேபல் வாயைத் திறக்கவில்லை.

ஜெனீன் எழுந்து போய் வழக்கறிஞருக்குப் போன் செய்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாக்குமூலத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். முழுவதையும் முடியாது என்றால் பதினொன்றாம் பத்தியையாவது அடித்துவிட்டு, அவள் உண்மையில் சொன்னதை எழுதுங்கள் என்றார். பிறகு போனை மகளிடம் நீட்டினார்.

மேபல் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். வழக்கறிஞர் எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்பா வரமாட்டார் இந்த அம்புக்கு. அந்தப் பக்கம் நிக்கிறாரு. வாம்மா, போய்க் கூட்டிட்டு வரலாம்."